கடல் கொண்ட ஊரின் செல்வங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

2011-ஆம் ஆண்டுச் சுனாமியில் ஜப்பானின் ரிக்குசென்தகாதா என்னும் சிறு நகரம் தன் அருங்காட்சியகத்தை இழந்ததையும், அதன் சேகரிப்பைச் சேற்றிலிருந்து மீட்டெடுக்க அவ்வூரார் பட்டபாட்டையும் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்கள் மிகுதி என்பதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பெரிய கோயிலோ கோட்டையோ அரண்மனையோ இல்லாத கடலோர ஊர் அது என்று எழுதியிருந்தீர்கள். அப்படிப்பட்ட ஊரின் அருங்காட்சியகத்தில், போனால் திரும்பாது என்று கவலைப்படும்படி என்னதான் இருந்தது?
— கல்லூரி மாணவி, நாகப்பட்டினம்

பதில்: இவாத்தே மாநிலத்தின் தென்கோடியில், மலைகளுக்கும் பசிபிக் கடலுக்கும் நடுவே ஒரு சிறு சமவெளியில் அமைந்த ஊர் ரிக்குசென்தகாதா. சுனாமிக்கு முன் அங்கே ஏறத்தாழ 24,000 பேர் வாழ்ந்தார்கள். நம்மூர்க் கணக்கில் ஒரு பேரூராட்சி அளவுதான். ஆனால் 1959-ஆம் ஆண்டிலேயே அவர்கள் தங்களுக்கென ஒரு நகராட்சி அருங்காட்சியகத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஜப்பானின் வடகிழக்குப் பகுதியில் முதன்முதலாக உருவான பொது அருங்காட்சியகங்களில் அதுவும் ஒன்று. பின்னாளில் கடலுக்கும் சிப்பிகளுக்கும் என்றே தனியாக இன்னோர் அருங்காட்சியகமும் சேர்ந்தது. இவ்விரண்டையும், நூலகத்தையும், அகழாய்வுப் பொருள்களை வைத்திருந்த கிடங்கையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 5,60,000 பொருள்கள் இருந்தன.

அவற்றில் சந்தையில் விலைபோகக்கூடியவை சொற்பம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடற்கரையில் வாழ்ந்தவர்கள் எலும்பிலும் மான்கொம்பிலும் செதுக்கிய தூண்டில் முட்கள் இருந்தன. மீனவர் குடும்பங்களிடமிருந்து திரட்டிய மீன்பிடிக் கருவிகள் 2,000-க்கும் மேல் இருந்தன. அந்தத் தொகுதிக்கு நாட்டளவில் பதிவுபெற்ற நாட்டுப்புறப் பண்பாட்டுச் சொத்து என்ற தகுதியும் உண்டு. பூச்சிகளும், உலர்த்தி ஒட்டிய செடிகளும், பறவைகளும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பிகளும் இருந்தன. தோலைப் பாடம் செய்து நிறுத்திய, 10 மீட்டர் அளவு நீளமுள்ள ஒரு திமிங்கலமும் இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் அதைச் செல்லப் பெயரிட்டு அழைத்தார்கள். நூலகத்தில், அந்த வட்டாரத்துக் கிராமங்களுக்கெல்லாம் தலைவர்களாக இருந்த யோஷிதா குடும்பத்தார் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து எழுதிவைத்த பதிவேடுகள் இருந்தன. வரி, விளைச்சல், பஞ்சம், வழக்கு, மேலிடத்து ஆணை என்று அன்றாட நிருவாகம் முழுவதும் அவற்றில் பதிந்திருந்தது.

உலர்த்திய செடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பேறிய தாளில் ஒட்டிய ஒரு கடற்கரைப் பூண்டு; கீழ் மூலையில் ஒரு சிறு சீட்டு; அதில் செடியின் பெயர், பறித்த இடம், நாள், பறித்தவர் பெயர். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் 2011 நிலநடுக்கத்தில் அந்தக் கடலோர நிலமே அரை மீட்டருக்கும் மேல் தாழ்ந்துபோயிற்று. மணற்கரையின் பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டது. இனி அந்த இடத்துக்குப் போய் அந்தச் செடியைப் பறித்துவர எவராலும் முடியாது. அப்படியொரு கரை இருந்தது, அதில் இன்னின்ன செடிகள் முளைத்தன என்பதற்குச் சான்றாக அந்தத் தாளும் சீட்டும்தான் மிச்சம். சீட்டு கழன்று போனால், செடி பிழைத்தும் பயனில்லை.

தலைநகரத்து அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியம் அழிந்தால், அதைப் பற்றிய நூல்களும் படங்களும் நகல்களும் பத்து இடங்களிலாவது இருக்கும். சிறு ஊரின் பொருளுக்கு அந்தக் காப்பு இல்லை. அது அங்கே மட்டுமே இருந்தது, அங்கேயே அழிந்தது. சிறு ஊர்களின் இழப்பை நான் பெரிய இழப்பாகக் கருதுவதற்குக் காரணம் இதுவே.

கேள்வி: நான் பேரிடர்ப் பணிகளில் பல ஆண்டுகள் இருந்தவன். ஆயிரக்கணக்கானோர் மாண்டுகிடக்கும் இடத்தில் பழைய வலையையும் சிப்பியையும் தேடிக்கொண்டிருப்பது முறையா? அந்த ஆளையும் பணத்தையும் உயிரோடிருப்பவர்களுக்குச் செலவிட்டிருக்கலாமே?
— ஓய்வுபெற்ற வருவாய்த் துறை அலுவலர், கடலூர்

பதில்: ஐயா, நீங்கள் சொல்லும் வரிசைமுறையில் எனக்கு மாறுபாடு இல்லை. உயிர் முதலில், உணவும் உறைவிடமும் அடுத்து, மற்றவை அதற்குப் பின். ரிக்குசென்தகாதாவிலும் அப்படித்தான் நடந்தது. அந்த ஊரில் 1,700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். நகராட்சி ஊழியர்களிலேயே ஏறத்தாழ நாலில் ஒருவர் இல்லை. நகராட்சி அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆறு பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. எனவே, எந்தப் பெட்டியில் எது இருந்தது என்று சொல்லவும் அங்கே ஆளில்லாமல் போயிற்று. மார்ச் 11 அன்று அலை வந்தது. ஏப்ரலில்தான் இவாத்தேயின் தலைநகரான மொரியோகாவிலிருந்த மாநில அருங்காட்சியகத்தாரும் உயிர்தப்பிய வேறு சில உள்ளூர்ப் பணியாளர்களும் சேர்ந்து மீட்பைத் தொடங்க முடிந்தது. வழியை அடைத்திருந்த இடிபாடுகளை அகற்றித் தந்தவர்கள் ஜப்பானின் இராணுவமான தற்காப்புப் படையினர். பணத்தில் ஒரு பகுதி இதற்கென்றே திரட்டிய நன்கொடை; சோற்றுக்கென்று வந்ததிலிருந்து எடுக்கப்பட்டதில்லை.

ஆனால் உயிரோடிருப்பவர்களுக்கு எது வேண்டும் என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அந்தக் கடற்கரை நெடுகிலும் இடிபாடுகளைக் களைந்த படையினரும் காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் இரண்டு பொருள்களை ஒதுக்கி வைத்தார்கள்: ஒன்று, புகைப்படத் தொகுப்பு, மற்றொன்று, வீடுகளில் இறந்தவர் பெயர் பொறித்து வைத்து வணங்கும் மரப்பலகை. சுனாமியில் எல்லாம் இழந்து முகாமில் படுத்திருந்தவர்கள், அவற்றை அடுக்கி வைத்திருந்த பள்ளிக் கூடங்களுக்கு நடந்துபோய் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்கள். மியாகி மாநிலத்தின் யமமோத்தோ என்ற சிற்றூரில் மட்டும் தன்னார்வலர்கள் சுமார் 7,50,000 புகைப்படங்களைக் கழுவி, உலர்த்தி, உரியவர்கள் அடையாளம் காணும்படி வைத்தார்கள். இறந்துபோன மகளின் ஒரே ஒரு படத்துக்காக நாள்கணக்கில் தேடும் தாயிடம், இது அவசியமில்லாத பொருள் என்று நாம் சொல்ல இயலாது. தனி வீட்டுக்கு அந்தப் படம் என்னவோ, ஊருக்கு அந்தச் சேகரிப்பு அதுவே.

ரிக்குசென்தகாதா அருங்காட்சியகத்தின் இடிபாடுகளுக்குள் கையால் எழுதிய ஒரு தாள் கிடைத்தது. அருங்காட்சியகப் பொருள்களை யாரும் எடுத்துச் செல்ல வேண்டாம், தகாதாவின் இயற்கையையும் வரலாற்றையும் பண்பாட்டையும் மீண்டும் உருவாக்குவதற்கு வேண்டிய அரிய செல்வங்கள் இவை என்ற வேண்டுகோள் அதில் இருந்தது. கீழே நகரக் கல்விக் குழு என்று குறிப்பிட்டிருந்ததே தவிர, எழுதியவர் பெயர் இல்லை. ஊரே இல்லாமற்போன அந்த நாள்களில் ஒருவர் தாளும் எழுதுகோலும் தேடி எடுத்து இதை எழுதியிருக்கிறார். உங்கள் கேள்விக்கு என்னுடைய வாதங்களைவிட அந்தத் தாளே தகுந்த விடை என்று நினைக்கிறேன்.

கேள்வி: அங்கே தனித்து நின்ற ஒற்றைப் பைன் மரத்துக்கு, அது பட்டுப்போன பிறகும், கோடிக்கணக்கில் செலவிட்டார்களாமே? செத்த மரத்துக்கு இது தேவைதானா?
— வாசகர், ஈரோடு

பதில்: அந்தக் கரையில் 17-ஆம் நூற்றாண்டு முதல், காற்றும் உப்பும் வயலைக் கெடுக்காதபடி ஊரார் நட்டு வளர்த்த பைன் மரங்கள் ஏறத்தாழ 70,000 இருந்தன. அலை அத்தனையையும் சாய்த்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டது. உப்புநீர் வேரை அழுக வைத்ததால் 2012-இல் அதுவும் பட்டுவிட்டது. பிறகு அதை வெட்டியெடுத்து, தண்டின் உட்பகுதியைக் குடைந்து, உள்ளே வலுவான தாங்கியைச் செருகி, கிளைகளையும் ஊசியிலைகளையும் செயற்கையாகச் செய்து பொருத்தி, 2013-இல் அதே இடத்தில் நிறுத்தினார்கள். செலவு சுமார் 15 கோடி யென். அதை நன்கொடையாகவே திரட்டினார்கள். ஊருக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. அந்தப் பணத்தில் வீடு கட்டலாமே என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

என் கருத்தைக் கேட்டால், நின்ற மரத்தைவிட நட்ட கன்றுகள் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. பின்னாள்களில் அதே கரையில் 40,000 பைன் கன்றுகளை நட்டிருக்கிறார்கள். அவை காடாக அரை நூற்றாண்டாகும் என்று தெரிந்தேதான் நட்டார்கள்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டில் ஆளுயரத்துக்குத் தண்ணீர் நின்றது. என் மாமனார் வைத்திருந்த ஏட்டுச்சுவடிக் கட்டு ஒன்றும், நிலப் பத்திரங்களும், அவருடைய தாத்தா காலத்துக் கணக்கு நோட்டுகளும், கல்யாணப் படங்களும் நனைந்துவிட்டன. காய்ந்த பிறகு பல தாள்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாக இருக்கின்றன. எறியவும் மனமில்லை, பிரிக்கவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, ஏரல்

பதில்: அம்மா, எறியாமல் வைத்திருந்தீர்களே, அதுவே பெரிய காரியம். வெள்ளம் வடிந்த மறுநாள் சேற்றோடு சேர்த்துக் குப்பை வண்டியில் ஏற்றிவிடுவதால்தான் ஊர்களின் ஆவணங்களில் பெரும்பகுதி அழிகிறது.

காயாத கட்டியையும் காய்ந்த கட்டியையும் ஒரே விதமாகக் கையாளக் கூடாது. உங்களிடம் இருப்பது காய்ந்தது. ஒட்டிய தாள்களை நகத்தாலோ கத்தியாலோ நெம்ப வேண்டாம். வெளிப்புறத்து மண்ணை மட்டும், மென்மையான தூரிகையால், காற்றோட்டமான இடத்தில், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு தட்டிவிடுங்கள்; வெள்ளச் சேற்றிலும் பூஞ்சையிலும் உடம்புக்குக் கேடு உண்டு. பிறகு ஒவ்வொரு கட்டியையும் பழைய பருத்தித் துணியிலோ வெள்ளைத் தாளிலோ சுற்றி, மூடியை இறுக்காத அட்டைப் பெட்டியில், தரையில் படாமல் வையுங்கள். பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பூக்கும். பிரித்தெடுக்கும் வேலையைப் பழகியவர்களிடம் விட்டுவிடுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கான வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் நெடுங்காலமாக இயங்கி வருகிறது. சுவடிகளைப் பொறுத்தவரை தஞ்சாவூர் சரசுவதி மகாலில் அனுபவமுள்ளவர்கள் இருக்கிறார்கள்.

ஏட்டுச்சுவடியைத் தண்ணீரில் அலச வேண்டாம். எழுத்தாணிக் கீறலில் தேய்த்த மை கரைந்துபோகும். கயிற்றை அவிழ்க்க வருமானால் அவிழ்த்து, ஏடுகளின் வரிசை மாறாமல், நிழலில் ஆறவிடுங்கள். வெயிலில் காட்டினால் ஏடு வளைந்து நார் நாராக வெடிக்கும். எண்ணெய் பூசினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், மண் முழுவதும் நீங்காத ஏட்டில் பூசாதீர்கள். மண் எண்ணெயோடு சேர்ந்து கீறலுக்குள் படிந்துவிடும்.

பத்திரங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பதிவு செய்த பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துச் சான்றிட்ட நகல் பெறலாம். கணக்கு நோட்டுகளுக்கு அப்படி வேறெங்கும் நகல் கிடையாது. எந்த ஆண்டு நெல் என்ன விலைக்குப் போனது, யாருக்கு எவ்வளவு கூலி அளந்தார்கள், எந்தக் கொடைக்கு என்ன கொடுத்தார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு நோட்டில்தான் இருக்கும். ஒரே ஒரு பொருளைத்தான் முதலில் எடுத்துப் போக முடியும் என்றால், பத்திரத்தை விட்டுவிட்டு அந்த நோட்டுகளை எடுத்துப் போங்கள்.

இனியொரு முறை நேர்ந்தால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நனைந்த தாளில் சுமார் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அதற்கு முன்பேகூடப் பிடிக்கலாம். அதற்குள் உலர்த்த முடியாத அளவுக்கு இருந்தால், நோட்டை மூடியபடியே நல்ல தண்ணீரில் மண் போக அலசி, ஈரத்தை ஒற்றி எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடுங்கள். மை கரையக்கூடிய எழுத்தாக இருந்தால் அலசாமலே வையுங்கள். உறைந்த நிலையில் பூஞ்சை வளராது. மாதக்கணக்கில் அவகாசம் கிடைக்கும். மின்சாரம் இல்லாத நாள்களில், பக்கத்து ஊரில் ஐஸ் பெட்டி உள்ள கடைக்காரரைக் கேட்கலாம். பிறகு சிலவற்றை மட்டும் வெளியே எடுத்து, தாள்களுக்கிடையே உறிஞ்சும் காகிதத்தை வைத்து மாற்றி மாற்றி, மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். புகைப்படங்களில் முகம் உள்ள பக்கத்தை விரலால் தொடாதீர்கள். நனைந்த படத்தின் மேற்பூச்சு கூழ்போல் இளகியிருக்கும். விரல் பட்ட இடத்தில் முகமே போய்விடும். கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிய்க்காமல், கண்ணாடியோடு சேர்த்தே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நேர்ந்தது ஆற்று வெள்ளம். கடல்நீர் இதைவிடப் பொல்லாதது. தாளிலும் மரத்திலும் துணியிலும் தங்கிய உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். காய்ந்ததாகத் தோன்றியது மறுபடி நசநசக்கும். அதனால்தான் ரிக்குசென்தகாதாவின் பதிவேடுகளைத் தாள் தாளாகப் பிரித்து, மெல்லிய வலைகளுக்கு நடுவில் வைத்து, மண் நீக்கி, கிருமி நீக்கி, உப்பு முழுவதும் இறங்கும்வரை நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்தினார்கள். யோஷிதா குடும்பப் பதிவேடுகள் அப்படிப் பிழைத்தவையே. மொத்தத்தில் சுமார் 4,60,000 பொருள்களைச் சேற்றிலிருந்து எடுத்துவிட்டார்கள். அத்தனையையும் இந்த முறையில் தேற்றும் வேலை பத்தாண்டுகளைக் கடந்தும் முடியவில்லை.

கேள்வி: ஜப்பானியர் கதையை எழுதினீர்கள், மகிழ்ச்சி. தனுஷ்கோடியும் ஒரு சிறு நகரம்தானே? அங்கே இழந்தவற்றை யாரும் ஏன் கணக்கெடுக்கவில்லை?
— வாசகர், பாம்பன்

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வந்த புயலும் கடற்பெருக்கும் தனுஷ்கோடியை ஒரே இரவில் துடைத்துவிட்டன. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலுக்குள் போயிற்று. பாம்பன் பாலமும் சிதைந்தது. இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் தலைமையில் அதை 46 நாள்களில் சீரமைத்தார்கள். ஆனால் பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட இருப்புப்பாதையை மீண்டும் போடவில்லை. ஊர் குடியிருக்கத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது. திரும்பிப் போய்த் தேடுவதற்கு ஊர் என்று ஒன்று இல்லாததால், தேடுவார் இல்லாமற்போயிற்று.

1914 முதல் அந்தப் புயல் வரை, சென்னையில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து கொழும்புக்கு ரயிலில் போவதுதான் இலங்கைக்குச் செல்லும் வழக்கமான வழி. ரயில் நிலையம், சுங்கச் சாவடி, துறைமுக அலுவலகம், அஞ்சலகம், பள்ளி, தேவாலயம், மருத்துவமனை எல்லாம் அங்கே இருந்தன. இத்தனை அலுவலகங்கள் இருந்த ஊரில் எத்தனை பதிவேடுகள் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்: பள்ளிச் சேர்க்கை, திருமுழுக்கு, திருமணம், சரக்கு, கப்பலேறியவர் பெயர். அரை நூற்றாண்டுக் காலம் இரு நாடுகளுக்கிடையே போய்வந்த குடும்பங்களின் சுவடு அவற்றில் இருந்திருக்கும். இன்று நாம் பார்ப்பது பவளப்பாறைக் கற்களால் கட்டிய தேவாலயத்தின் சுவர்களையும், நிலையத்தின் சில தூண்களையும்தான்.

ஆனாலும் செய்யக்கூடியது உண்டு. ஊரில் அழிந்தது ஊருக்கு வெளியே இருக்கலாம். ரயில்வேயின் பழைய கால அட்டவணைகள், மறைமாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிய ஆண்டறிக்கைகள், தலைமன்னார்ப் பக்கத்துப் பதிவுகள், அந்த வழியே போனவர்கள் எழுதிய பயணக் குறிப்புகள், இராமேசுவரத்திலும் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் படங்கள் எல்லாம் தேடத்தக்கவை. இவற்றைவிட அவசரமானது இன்னொன்று: அன்று பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. யார் வீடு எங்கே இருந்தது, கடைத்தெரு எந்தப் பக்கம் போயிற்று, கப்பல் வரும் நேரம் ஊர் எப்படி இருந்தது என்று அவர்களைக் கொண்டு ஒரு வரைபடம் போட்டுவிடலாம். உங்கள் பள்ளி மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

அங்கே போகும் சுற்றுலாப் பயணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு கூட்டம் பெருகிவிட்டது. சுவரிலிருந்து பெயர்ந்த கல்லை நினைவுப் பொருளாகப் பைக்குள் போட்டுக்கொள்ளாதீர்கள். சுவரில் உங்கள் பெயரைக் கீறாதீர்கள். அந்த ஊருக்கு எஞ்சியிருப்பது அவ்வளவே.

கேள்வி: கடல் எடுத்ததைத் திருப்பித் தந்ததுண்டா?
— பள்ளி மாணவர், திருக்கழுக்குன்றம்

பதில்: உங்கள் ஊருக்கு அருகிலேயே தந்திருக்கிறது, தம்பி. 2004 சுனாமி மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் மணலை அரித்துச் சென்றபோது, பாறையில் வெட்டிய கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவை குறிப்பிட்ட முருகன் கோயிலைத் தேடித் தொல்லியல் துறையினர் அடுத்த ஆண்டு அகழ்ந்தார்கள். பல்லவர் காலத்துக் கற்கோயிலின் அடித்தளமும், அதற்கும் கீழே இன்னும் பழைய செங்கற்கோயிலும் கிடைத்தன. அந்தக் கோயில்களை மண்மூடச் செய்ததும் கடற்பெருக்குகளே என்பது அகழ்ந்தவர்களின் கருத்து. ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: இத்தனை இடர் இருக்கும்போது, சிற்றூர்களில் உள்ள அரிய நூல்களையும் பொருள்களையும் சென்னைக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்துவிடுவதே அறிவுடைமை அல்லவா?
— நூல் சேகரிப்பாளர், காரைக்குடி

பதில்: காரைக்குடியிலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தம். உங்கள் பக்கத்துக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்த ரோஜா முத்தையா, தனி மனிதராகத் திரட்டிய நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் ஏறத்தாழ ஒரு லட்சம். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. ஆனால் கடல்கடந்து எடுத்துப் போகாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைக்கச் செய்தது. அப்படிச் செய்திராவிட்டால் அந்த நூல்கள் கரையானுக்கு இரையாகியிருக்கும். வாரிசுகளால் பேண முடியாத சேகரிப்புக்கு அது சரியான முடிவு.

எல்லாவற்றுக்கும் அதுவே வழி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. சென்னைக்கும் வெள்ளம் வரும் என்பதை 2015-இல் பார்த்தோம். அதைவிட முக்கியமானது, பொருளைத் தெரிந்தவர்கள் ஊரில்தான் இருக்கிறார்கள் என்பது. எந்த வலை எந்த மீனுக்கு, எந்தப் பாத்திரம் எந்தச் சடங்குக்கு என்பதைத் தலைநகரத்துக் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நிற்பவர் அறியார். ரிக்குசென்தகாதாவின் பொருள்களும் சிகிச்சைக்காக மொரியோகாவுக்கும் தோக்கியோவுக்கும் வேறு பல ஊர்களுக்கும் போயின. உலர்ந்த செடிகளை மட்டும் கழுவித்தர நாடெங்கும் உள்ள அருங்காட்சியகங்கள் பகிர்ந்துகொண்டன. ஆனால் அவற்றை அங்கேயே விட்டுவிட அந்த ஊர் இசையவில்லை. மண் கொட்டி உயர்த்திய புது நகர்ப் பகுதியில் 2022 நவம்பரில் தன் அருங்காட்சியகத்தை மீண்டும் திறந்து, தேறியவற்றை வீட்டுக்கு அழைத்துக்கொண்டது. மூலம் ஊரில் மேடான இடத்திலும், நகல் தொலைவிலுள்ள வேறோர் ஊரிலும் இருப்பதே நல்ல ஏற்பாடு என்பது என் எண்ணம்.

கேள்வி: எங்கள் ஊரில் அருங்காட்சியகம் கிடையாது. ஒரு கிளை நூலகமும், கோயிலில் சில செப்பேடுகளும், சிலர் வீடுகளில் பழைய படங்களும் உண்டு. கஜா புயலில் நூலகக் கூரை பறந்தது. பணம் இல்லாமல், முதலில் எதைச் செய்வது?
— கிளை நூலகப் பணியாளர், வேதாரண்யம் வட்டம்

பதில்: பட்டியல் போடுங்கள். அலமாரியோ இரும்புப் பெட்டியோ வாங்குவதற்கும் முன்னால் செய்ய வேண்டியது அதுதான். இருந்தது என்பதே தெரியாத பொருளை இழந்த பின் தேட முடியாது.

1995-இல் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியபோது, பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர்களும் இடிந்த வீடுகளுக்குப் போய்ப் பழைய ஆவணங்களைக் காப்பாற்றத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து மற்ற மாநிலங்களிலும் அத்தகைய குழுக்கள் உருவாயின. மியாகியில் இருந்த குழுவினர், அடுத்த நிலநடுக்கம் வருமுன் செய்துவிட வேண்டும் என்று வீடுவீடாகப் போய் ஆவணங்களைப் படமெடுத்து வைத்தார்கள். 2011-இல் அலை வந்து, வீட்டோடு ஆவணமும் போன இடங்களில், அந்தப் படங்களே இன்று மூலமாக இருக்கின்றன.

உங்களிடம் கைபேசி இருக்கிறது, அது போதும். ஒரு நீள நோட்டில் கோடு போட்டு, பொருள், அளவு, யாரிடம் உள்ளது, எங்கிருந்து வந்தது, அதைப் பற்றி வைத்திருப்பவர் சொன்னது, படத்தின் எண் என்று நிரப்புங்கள். வைத்திருப்பவர் சொன்னதை எழுதும் பத்தியை மற்றவற்றைவிட அகலமாக விடுங்கள். அங்கேதான் இடம் போதாமல் போகும். படங்களை நல்ல பகல் வெளிச்சத்தில், அருகில் ஓர் அளவுகோல் வைத்து எடுங்கள். செப்பேட்டின் எழுத்து தெரிய, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கோயில் பொருள்களுக்குச் செயல் அலுவலரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். விலைமதிப்புள்ளவை எங்கே வைக்கப்பட்டுள்ளன என்பதை வெளியாருக்குத் தெரியும்படி எழுத வேண்டாம்.

நூலகத்தில், வேறெங்கும் கிடைக்காதவை எவை என்று பிரித்தெடுங்கள். உள்ளூர்க்காரர் அச்சிட்ட தலவரலாறு, ஊர்ச் சங்கத்து ஆண்டு மலர், பள்ளி வெள்ளிவிழா மலர் போன்றவை அந்த வகை. புகழ்பெற்ற நாவல்கள் நனைந்தால் மறுபடி வாங்கலாம். இந்த மலர்களை மட்டும் தரையிலிருந்து உயரமான, ஆனால் கூரையை ஒட்டாத நடுத்தட்டில், தூக்க எளிதான ஒரே பெட்டியில் வைத்து, புயல் எச்சரிக்கை வந்ததும் அந்தப் பெட்டியை யார் எடுத்துக்கொண்டு எந்தக் கட்டடத்துக்குப் போவது என்று பெயர் குறித்து முடிவுசெய்துகொள்ளுங்கள்.

பட்டியலின் ஒரு நகலும் படங்களும் கடலோரத்தில் இல்லாத ஊரில் இருக்கட்டும். திருச்சியிலோ மதுரையிலோ உள்ள உறவினர் வீடானாலும் சரி. பட்டியலுக்கான மாதிரிப் படிவம் ஒன்றை ஆயத்தம் செய்திருக்கிறோம். முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறையை அனுப்பும் வாசகர்கள் அனைவருக்கும் அதை அனுப்பிவைக்கிறோம்.